மூன்றாண்டு சட்டப் படிப்பு: வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழி செய்வது எப்படி?

அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் கல்விக் கட்டணம் பெரிய சுமையே இல்லை. வாடகை, மெஸ், பஸ், ஜெராக்ஸ், இவைதான் ஆளைத் தின்னும். வங்கியில் போய் நின்றால் கட்டணம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். மாதச் செலவை நாமாக எடுத்து வைத்தால்தான் உண்டு. கவுன்சலிங் முடிந்து சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: கணக்கை 42 மாதத்துக்குப் போடுங்கள்

படிப்பு 36 மாதம். ஆனால் கடைசித் தேர்வு, ரிசல்ட், வழக்கறிஞராகப் பார் கவுன்சிலில் பதிவு, ஒரு சீனியர் வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்வது எல்லாம் முடிய இன்னும் ஆறு மாதமாவது ஓடிவிடும். கை வறண்டு போவது இரண்டு இடங்களில்: கடன் பணம் வருவதற்கு முந்தைய முதல் சில மாதங்கள், கடைசித் தேர்வுக்குப் பிந்தைய மாதங்கள். சேமிப்பு எவ்வளவு இருந்தாலும் அதை இந்த இரண்டுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

முழுநேர வேலையில் இருந்துகொண்டே படிப்பது என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி வகுப்புகள் காலை 8 முதல் மாலை 7 மணிக்குள், வாரம் 30 மணி நேரம். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஒரு பாடத்தில் 65 வரை தளர்த்துவார்கள், அதுவும் எல்லாப் பாடமும் சேர்த்து 70 இருந்தால்தான். போதாததற்கு, 2024 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி படிக்கும்போது வேலையில் இருந்தால் அதைத் தெரிவித்து, முதலாளியிடமிருந்து ஆட்சேபணையின்மைச் சான்றும் தர வேண்டும்.

படி 2: முதலில் விடுதி, அப்புறம்தான் அறை

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். தூர விதி மாணவியருக்குக் கிடையாது. விண்ணப்பத்தை விடுதிக் காப்பாளரிடமே வாங்கலாம். ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளுக்குத் தனி விண்ணப்பம்.

சென்னையில் அறை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டக் கல்லூரி 2018-லேயே உயர்நீதிமன்றம் இருக்கும் பாரிமுனையை விட்டு, ஊருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் வாடகை கொடுத்துவிட்டுத் தினமும் பஸ்ஸில் ஊர் தாண்டிப் போவது வீண். சீனியரிடம் சேரும்போது பாரிமுனைப் பக்கம் மாறிக்கொள்ளலாம்.

படி 3: கல்விக் கடனில் மாதச் செலவையும் ஏற்றுவது

பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுவது இந்தப் படியில்தான்.

கல்லூரி அலுவலகம் தரும் கட்டண விவரத்தில் கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் மட்டும்தான் இருக்கும். அதை அப்படியே வங்கியில் நீட்டினால் சில ஆயிரம் ரூபாய்தான் கடனாக வரும், சில மேலாளர்கள் "இதுக்கு எதுக்குத் தம்பி லோன்?" என்றே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் விடுதிக் கட்டணத்துக்கும், வெளியே தங்க வேண்டியிருந்தால் நியாயமான வாடகை, சாப்பாட்டுச் செலவுக்கும் இடம் உண்டு. அதற்குக் காகிதம் வேண்டும். கல்லூரியின் லெட்டர்பேடில் இப்படி ஒரு வரி கேட்டு வாங்குங்கள்:

"மேற்படி மாணவருக்குக் கல்லூரி விடுதியில் இடம் ஒதுக்க இயலவில்லை, அவர் வெளியே தங்கிப் பயில வேண்டியுள்ளது."

இதோடு 11 மாத வாடகை ஒப்பந்தம், மெஸ்காரர் எழுதிக் கொடுத்த மாதக் கட்டணம், மூன்று வருடத்துக்கான ஒரு பக்கச் செலவுப் பட்டியல். பட்டியலில் லேப்டாப்பையும் புத்தகத்தையும் நம்பாதீர்கள். பல வங்கிகள் அந்த இனத்தை மொத்தக் கல்விக் கட்டணத்தில் 20 சதவீதத்தோடு நிறுத்திவிடும். மூன்று வருடக் கட்டணம் 15,000 என்றால் 3,000தான் தேறும்.

கேட்கும் தொகை 4 லட்சத்துக்குள் இருக்கட்டும். அதுவரை சொத்து அடமானமும் இல்லை, கைப்பணம் போட வேண்டியதும் இல்லை. 36-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 11,100 வருகிறது.

கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் இணையதளமான வித்யாலட்சுமியில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். பி.எம். வித்யாலட்சுமி என்பது 2024-இல் வந்த வேறு திட்டம், தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் அங்கே நேரத்தைச் செலவிடாதீர்கள். இணையத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட, அச்செடுத்து வங்கிக் கிளைக்கு நேரில் போவதுதான் வேலைக்காகும்.

"உங்க வீடு எங்க ஏரியாவுல வராது" என்றால் தயங்காமல் எழுத்தில் கேளுங்கள். அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியிருக்கிறது.

கடன் சாங்ஷன் ஆனாலும் பணம் சம்பளம் மாதிரி மாதாமாதம் விழாது. கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போகும். மெஸ், வாடகைப் பணத்தை ரசீது காட்டினால்தான் விடுவிப்பார்கள், பெரும்பாலும் செமஸ்டருக்கு ஒருமுறை. ஆகவே மூன்று மாதச் செலவு எப்போதும் கையில் இருக்க வேண்டும். ரசீதில் பெயர், மாதம், தொகை, கையெழுத்து நான்கும் தேவை. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காத கிளைகள் நிறைய.

படி 4: பகுதி நேர வருமானம்

டியூஷனைவிட எனக்குப் பிடித்தது ஆவண மொழிபெயர்ப்பும் தட்டச்சும். கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, மனு இவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றித் தர வழக்கறிஞர் அலுவலகங்களில் எப்போதும் ஆள் தேடுவார்கள், படிப்புக்கும் அது கைகொடுக்கும். கூலியைப் பக்கக் கணக்கில் பேசாதீர்கள். கையால் எழுதிய பழைய பத்திரத்தின் ஒரு பக்கம், தட்டச்சு செய்தால் மூன்று பக்கம் போகும். சொல் கணக்குதான் சரி. இரவு ஷிப்ட் வேலை வேண்டவே வேண்டாம், முதல் அடி வருகைப் பதிவேட்டில்தான் விழும்.

படி 5: கடைசித் தேர்வுக்குப் பிறகு

பதிவுக் கட்டணம் இப்போது பயமுறுத்துவதில்லை. 2024 ஜூலை 30 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய் என்று வரம்பு கட்டிவிட்டது. முத்திரைக் கட்டணம் தனி. பதிவுக்குப் பிறகு தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வின் கட்டணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பதிவு செய்த நாளிலிருந்து முழுநேரச் சம்பள வேலை கூடாது, பார் கவுன்சில் விதி 49. பக்க வருமானத்துக்கு ஏதாவது நிறுவனத்தில் முழுநேரமாகச் சேரும் எண்ணம் இருந்தால் பதிவைத் தள்ளிப்போடுங்கள். ஜூனியர்களுக்கு மாதம் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 உதவித்தொகை தரலாம் என்று பார் கவுன்சில் 2024 அக்டோபரில் பரிந்துரைத்தது. வெறும் பரிந்துரைதான். சேரும் முன்பே தொகையைக் கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: வட்டி மானியம் பற்றிப் பலரும் கேட்பதால் இது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. ஆனால் ஒருவருக்கு ஒருமுறைதான். முதல் பட்டத்துக்கே வாங்கியிருந்தால் சட்டப் படிப்புக்குக் கிடைக்காது. அப்படிப்பட்டவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டி வரலாம். பல வங்கிகள் அதற்கு வட்டி விகிதத்தில் 1 சதவீதம் வரை குறைக்கும். அந்தச் சலுகை உண்டா என்று கையெழுத்துப் போடும் முன் சாங்ஷன் கடிதத்தில் பாருங்கள்.