காவடிக்குப் போகும் ஆட்டிசப் பிள்ளைக்கு

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள், கோயிலில் கூட்டம் நெரியும். ஆட்டிசம் உள்ள பிள்ளையை அழைத்துப் போவதென்றால், முந்தின நாளே ஆளில்லாத நேரத்தில் கோயிலை ஒருமுறை காட்டிவிடுங்கள். மேளச் சத்தம் பல பிள்ளைகளுக்கு வலியாகவே இருக்கும். காதை முழுதாக மூடும் ஹெட்போன் கையோடு இருக்கட்டும். என் அக்கா மகன் அதை மாட்டிக்கொண்டு, காவடியில் மயிலிறகு ஆடுவதைப் பார்த்தபடி அரைமணி நேரம் நின்றான். காவடிச் சாப்பாட்டில் சோற்றோடு பரிமாறும் ஏழு வகைச் சைவக் கறியும் கலந்துவிடாமல், வெறும் சோற்றைத் தனியாக வையுங்கள்.

பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒன்று. பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் அது அடம் அல்ல. "வளர்த்த லட்சணம்" என்று முணுமுணுக்காதீர்கள், பெற்றவளுக்கு அது எவ்வளவு வலிக்கும்! கொஞ்சம் விலகி வழிவிடுங்கள். கோயில் நிர்வாகத்தார் மேளம் எட்டாத ஓர் அறையை அன்று திறந்து வைக்கலாம்.