ஒகேனக்கல் பரிசல் பயணம்: நீர்வரத்தைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒகேனக்கல்லில் பரிசல் ஏற விரும்புவோர் பலர், அதற்குக் கீழே காவிரியில் உள்ள மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுகிறார்கள். செய்திகளில் நாள்தோறும் காதில் விழுவது அதுதான் என்பதால் இது இயல்பே, ஆனாலும் தவறு. மேட்டூர் 120 அடியைத் தொட்டு நிற்கும் நாளிலும் ஒகேனக்கல்லில் பாறைகள் தெரிய ஆறு மெலிந்து ஓடலாம். அணை பாதிகூட நிரம்பாத ஆடி மாதத்தில் அங்கே அருவிகளே மூழ்கும் அளவுக்கு வெள்ளம் வரலாம். பரிசலுக்குத் தேவை, தேங்கிய நீரின் உயரமன்று, வினாடிக்கு எத்தனை கன அடி நீர் வருகிறது என்ற கணக்கு. அதை மத்திய நீர்வள ஆணையம் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கிறது.

அந்த எண்ணையும் தனியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நேற்று 14,000 கன அடியாக இருந்து இன்று 8,000 ஆகக் குறைந்த ஆறும், நேற்று 3,000 ஆக இருந்து இன்று 8,000 ஆக உயர்ந்த ஆறும் ஒன்றல்ல. இரண்டாவது, நீங்கள் துறைக்கு வந்து சேர்வதற்குள் இன்னும் ஏறியிருக்கலாம். ஒரே ஒரு விவரத்தைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால், அளவைவிட ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதே மேல் என்பேன்.

மேலே கர்நாடகத்திலுள்ள கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளில் திறப்பு இல்லை என்ற செய்தியை மட்டும் நம்புவது அடுத்த தவறு. அவ்வணைகளுக்குக் கீழே சிம்ஷாவும் அர்க்காவதியும் காவிரியில் கலப்பதால், அவற்றின் நீர்ப்பிடிப்பில் பெய்த மழை அணைத் திறப்பு ஏதுமின்றியே ஆற்றைப் பெருக்கிவிடும். மாறாக, அணைகளில் மிகுதியாகத் திறந்த நீர் வந்து சேர ஓரிரு நாள் ஆகலாம் என்பதால், திறந்த அன்று ஆறு அமைதியாக இருப்பது எதற்கும் உறுதியன்று. தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்துவந்தால், காலை நிலவரம் எதுவாயினும் கரையேறிவிட வேண்டும்.

நீர்மட்டம் காட்ட ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோலில் தெரியும் எண்ணை ஆழம் என்று கொள்வதும் உண்டு. கோலின் பூச்சியம் ஆற்றின் அடித்தளத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேலும், அகன்ற இடத்தில் பரவிவிடும் அதே நீர், ஒகேனக்கல்லின் ஒடுங்கிய பாறை இடுக்கில் உயரமும் வேகமும் கூடிப் பாயும்.

குறைந்த நீர்வரத்தும் தானாகவே பாதுகாப்பானதாகிவிடாது. மூழ்கிக் கிடந்த பாறைகள் பரிசலின் அடியை உரசும் உயரத்துக்கு வந்துவிடுவதால், வழக்கமான வழி அடைபட்டிருக்கும். அன்று எந்தத் தடத்தில் போகலாம் என்பதைப் பரிசல் ஓட்டியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.