வகுப்பை வீடியோ எடுத்தாச்சு, அப்புறம்? பி.எட். பயிற்சி ஆசிரியர்களுக்கு

கற்பித்தல் பயிற்சிக்குப் போனால் வழிகாட்டி ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "குரல் நல்லா இருக்கு, கரும்பலகையை இன்னும் பயன்படுத்தவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதை வைத்து நாளைக்கு எதை மாற்றுவது? அதற்குத்தான் வீடியோ.

முதலில் அனுமதி. தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வீட்டில் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளையை கேமராவில் விழாத இடத்தில் உட்கார வையுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பக்கம் இந்த வீடியோ போகவே கூடாது.

அடுத்து, போனை எங்கே வைப்பது? எல்லோரும் கடைசி பெஞ்சில் வைத்துத் தன்னையே எடுக்கிறார்கள், கிடைப்பது பிள்ளைகளின் பின்னந்தலைதான். முன்பக்க ஜன்னல் திட்டில், பிள்ளைகளைப் பார்த்தபடி வையுங்கள். உங்கள் குரல் எப்படியும் பதிவாகிவிடும். ஃபேனுக்கு நேர்கீழே வேண்டாம். ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் போனையே பார்ப்பார்கள், சும்மா வைத்துப் பழக்கிவிட்டு மூன்றாம் நாள் எடுங்கள்.

முதல் தடவை தனியாகப் பாருங்கள். "ஐயோ, இதுவா என் குரல்" என்று தோன்றும், அது ஒரு ரவுண்டு ஓடி முடியட்டும். அப்புறம் முழு 40 நிமிடத்தையும் திரும்ப ஓட்டாமல் ஐந்தே நிமிடம், ஒரே ஒரு கேள்வியோடு பாருங்கள். நான் பார்த்தது, கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்பதை. ஏழாம் வகுப்பு, பின்னங்கள். "முக்காலில் பாதி எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு ஒரு விநாடிகூட ஆகவில்லை, பலகைப் பக்கம் திரும்பி நானே "எட்டில் மூன்று" என்கிறேன்! மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் பாதி தூக்கிய கையை அப்படியே தலையைச் சொறிவதுபோல் இறக்கிவிடுகிறாள். வகுப்பில் அது என் கண்ணில் படவே இல்லை.

நான் மட்டும் இல்லை. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டபோதும் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள், அதை 3 விநாடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன.

யார் அதிகம் பேசுகிறார்கள் என்று பார்க்க ஆசையா? தேர்வுக்குப் படித்த ஃபிளாண்டர்ஸை எடுங்கள், அதாவது வகுப்பில் நடக்கும் பேச்சை வகை பிரித்துக் குறிக்கும் முறை. அதிலுள்ள 10 வகையும் வேண்டாம், கண் எரியும். தாளில் இரண்டு கட்டம், 'நான்', 'பிள்ளைகள்', 3 விநாடிக்கு ஒரு கோடு. ஐந்து நிமிடத்துக்கு நூறு கோடு. யாருமே பேசாத நேரத்தை ஓரத்தில் போடுங்கள்.

பிறகு ஒரு நண்பரோடு பாருங்கள். "பயந்துட்டே" என்பது அவருடைய முடிவு, "கேட்டதும் பலகைப் பக்கம் திரும்பினே" என்பது கண்ணில் பட்டது. முதலில் பட்டதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஒன்றே ஒன்றை மாற்றி மறுபடி எடுங்கள். நுண்ணிலைக் கற்பித்தலில், அதாவது சில பேருக்குச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் பயிற்சியில், குறையைத் திருத்தி மறுபடி நடத்தினோமே, அதே மறுகற்பித்தல்தான். இரண்டு நாள் கழித்து "ஐந்தில் மூன்றில் பாதி?" என்று கேட்டுவிட்டு முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கி மூன்று எண்ணினேன், சத்தியமாக மூன்று நிமிடம் மாதிரி இருந்தது. அதே பெண் எழுந்து, "ஐந்தில் ஒன்றரை, சார்" என்றாள். நான் எதிர்பார்த்தது பத்தில் மூன்று. அவள் சொன்னதைத்தான் பலகையில் முதலில் எழுதினேன்.