நாய்க்குட்டிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு? அட்டவணையைத் தப்பாகப் படித்தவனின் குறிப்பு

சில்லு வீட்டுக்கு வந்தபோது எட்டு வாரக் குட்டி. கோவில்பட்டிப் பக்கத்துச் சிப்பிப்பாறை இனம், எடை 3 கிலோ. தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் கால்நடை மருத்துவரிடம் தேதி வாங்கியிருப்பீர்கள். நேரே சாப்பாட்டுக்கு வருகிறேன்.

படி 1: மெல்ல மாற்றுங்கள்

குட்டியைக் கொடுத்தவர் என்ன போட்டு வளர்த்தாரோ, முதல் இரண்டு நாள் அதையே போடுங்கள். பிறகு புதிய உணவைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என ஒரு வாரத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். பசும்பால் வேண்டாம். அதிலுள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் பேதியாகும். "ஊரில் எல்லா நாயும் பால் குடித்துத்தானே வளர்ந்தது?" என்று மாமா கேட்டார். மறுநாள் தரை துடைக்க அவர் வரவில்லை.

படி 2: எதைப் போடுவது?

குட்டிகளுக்கென்றே விற்கும் பாக்கெட் உணவுதான் என் தேர்வு. வீட்டுச் சமையலுக்கு நான் எதிரியல்ல. ஆனால் வெறும் சோறும் கோழியும் போட்டால் கால்சியம் போதாது, எலும்பு வலுவிழக்கும். வேகவைத்த கோழியோ முட்டையோ மேலே கொஞ்சம் தூவினால் போதும். உப்பு, மசாலா சேர்க்காதீர்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நான்கும் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

உணவை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும்.

படி 3: அளவு (நான் சறுக்கிய இடம்)

பாக்கெட்டின் பின்புறம் ஓர் அட்டவணை இருக்கும். மேலே வயது, இடப்பக்கம் எடை. நான் சில்லுவின் 3 கிலோவைத் தேடி, அந்த வரிசையில் 2 மாதத்துக்கு நேரே இருந்த ஏறக்குறைய 60 கிராமை நாளெல்லாம் பங்கிட்டுப் போட்டேன். அவள் தட்டைத் தள்ளிக்கொண்டே சமையலறை முழுக்கச் சுற்றினாள். காலியான பிறகும் எவர்சில்வரை நக்கும் சத்தம் நிற்காது. இரவில் ஒரே அழுகை. அம்மாவைத் தேடுகிறாள் என்று நினைத்து மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். பத்து நாளில் எடை 100 கிராம்கூட ஏறவில்லை.

பிறகுதான் இடப்பக்கத் தலைப்பைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். அது குட்டியின் இன்றைய எடை அல்ல, வளர்ந்தபின் வரப்போகும் எடை. சிப்பிப்பாறை வளர்ந்தால் ஏறத்தாழ 20 கிலோ. அந்த வரிசையில் 200 கிராம் போட்டிருந்தது! பசியில் அழுத குட்டிக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறேன். சில நிறுவனங்கள் இன்றைய எடையையும் அச்சிடுகின்றன. ஆகவே தலைப்பைப் படித்த பிறகே எண்ணைப் பாருங்கள். அந்த எண் ஒரு நாளைக்கு உரியது, ஒரு வேளைக்கு அல்ல.

அளக்க டம்ளர் வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் உருண்டையின் பருமன் மாறும். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். காலையிலேயே முழு நாள் அளவையும் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டால், வீட்டில் ஆளாளுக்கு அள்ளிப் போடும் தொல்லை இருக்காது.

படி 4: எத்தனை வேளை?

3 மாதம் வரை நான்கு வேளை, 6 மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். விலாவையும் தடவுங்கள். விரித்த கையின் புறப்பக்கத்தைத் தடவுவதுபோல எலும்பு லேசாகத் தட்டுப்பட்டால் சரி. மூடிய முஷ்டியின் கணுக்கள்போல முட்டினால் மெலிவு. சிப்பிப்பாறை ஓட்டநாய். அதன் ஒன்றிரண்டு விலா வெளியே தெரிவது இயல்பு. "பட்டினி போடுகிறீர்களா?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், சிரித்துவிட்டு விடுங்கள்.

பின்சேர்க்கை: தெருவிலிருந்து எடுத்த குட்டிக்கு வளர்ந்தபின் எடை எப்படித் தெரியும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் உத்தேசமாகச் சொல்வார். அதில் தொடங்கி, வாராந்திர எடையையும் விலாவையும் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

இன்னொருவர் ராஜபாளையம் குட்டிக்குப் பாக்கெட் உணவோடு கால்சியம் டானிக்கும் ஊற்றுகிறாராம். நிறுத்துங்கள். சிறு குட்டியின் குடலுக்கு மிகுதியான கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது. பெரிய இனக் குட்டிகளுக்கு அதனாலேயே எலும்பு கோணும். மருத்துவர் எழுதிக் கொடுத்த டானிக் என்றால், பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி மறுபடி கேளுங்கள்.