சுவிஸில ஆமிக்குப் போக மனமில்லாட்டி சிவில்டீன்ஸ்டுக்கு (ஆமிக்குப் பதிலாச் செய்யிற பொதுச் சேவை) மாறுறது எப்பிடி?

சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்த எங்கட பொடியளுக்கு 18 வயசு வரேக்க ஓரியன்டியெரூங்ஸ்டாக்குக்கு (ஆமிக் கடமையைப் பற்றி விளக்கிற தகவல் நாள்) வரச்சொல்லிக் கடிதம் வரும், உடன வீட்டில தாய் தேப்பன் சண்டைக்குப் பயந்து ஓடி வந்தம் இஞ்சயும் துவக்கோ எண்டு தொடங்குவினம். பதறாதேங்கோ, ஆனா கடிதத்தைக் கிழிச்சு எறியவும் வேண்டாம். பொடியங்களுக்கு அது கட்டாயம், போகாட்டி தண்டம் வரும்.

பிறகு ஆட்சேர்ப்புக்குக் கூப்பிடுவினம், உடம்பு மனம் எல்லாம் செக் பண்ணி தகுதியோ இல்லையோ எண்டு சொல்லுவினம். இதில எங்கட ஆக்கள் குடுக்கிற புத்திமதி ஒண்டு இருக்கு, நாரி நோ எண்டு டொக்டரிட்டக் கடிதம் வாங்கு எண்டு. எனக்கு அது சரியாப்படேல்ல. பொய்யெண்டு பிடிபட்டா வழக்கு, பிடிபடாமல் தகுதியில்லை எண்டு வந்தாலும் வருமானத்தில 3 வீதம், குறைஞ்சது வருசத்துக்கு 400 பிராங்க் வரி கட்டோணும். அதோட சிவில்டீன்ஸ்டுக்கு விண்ணப்பிக்கவும் ஏலாது, ஆமிக்குத் தகுதி எண்டு வந்தவைக்குத்தான் அந்த வழி.

தகுதி எண்டு வந்தா சிவில்டீன்ஸ்ட் அலுவலகத்தின்ர ஒன்லைன் பக்கத்தில விண்ணப்பம் போடுங்கோ. ஆமி வேலை என்ர மனச்சாட்சிக்கு ஒத்துவராது எண்டு அறிவிச்சாப் போதும், ஏன் எதுக்கெண்டு கட்டுரை எழுதத் தேவையில்லை. 2009க்கு முதல் ஒரு குழுவுக்கு முன்னால இருந்து மனச்சாட்சியை நிரூபிக்கோணும், 1996இல சிவில்டீன்ஸ்ட் சட்டம் வர முதல் மறுத்தவையை இராணுவ நீதிமன்றம் மறியலுக்கே அனுப்பினது. இப்ப நிரூபிக்கிறது நாளாலதான், ஆமியை விட ஒண்டரை மடங்கு. சாதாரண சிப்பாய்க்கு 245 நாள் எண்டா உங்களுக்கு 368.

கவனிக்க வேண்டியது திகதியை. ஆமிக்குப் போற நாளுக்கு மூண்டு மாதத்துக்கு முன்னமே விண்ணப்பத்தைப் போட்டிட்டா முடிவு வரும்வரை போகத் தேவையில்லை, பிந்திப் போட்டா முடிவு வரும்வரை சீருடையோட நிக்கோணும். போட்ட பிறகு மூண்டு மாதத்துக்குள்ள ஐன்ஃபூருங்ஸ்டாக் எண்டொரு அறிமுக நாள், அதுக்குப் போகாட்டி விண்ணப்பமே செல்லாது. கனபேர் கோட்டை விடுறது இதிலதான், சோதனை காலம் எண்டு தள்ளிப்போட்டு.

முதல் ஆமிக்குப் போய்ப் பாத்திட்டு பிடிக்காட்டி மாறுவம் எண்டு நினைக்கிறவைக்கு ஒண்டு. எந்த நேரமும் விண்ணப்பிக்கலாம் எண்டது உண்மை, ஆனா 2025 செப்டம்பரில பாராளுமன்றம் இதை இறுக்கிறதுக்குத் திருத்தம் நிறைவேற்றினது, எப்ப மாறினாலும் குறைஞ்சது 150 நாள் செய்யோணும் எண்டு. போட முதல் அந்த நேரத்து விதி என்னெண்டு பாருங்கோ.

வேலை இடத்தை நீங்களே தேடோணும். முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காடு துப்பரவாக்கிறது, மலையில பண்ணை எண்டு கனக்க இருக்கு. ஆமிப் பயிற்சி முடிக்காதவை 180 நாள் நீண்ட வேலை ஒண்டு செய்யோணும், அதால மனசுக்குப் பிடிச்ச இடமாப் பாத்து நேரத்தோட ஃபோன் அடியுங்கோ. முதியோர் இல்லம் எண்டா சாப்பாடு குடுக்கிறது, வீல்செயார் தள்ளுறது, தாத்தாமாரோட கதைக்கிறது, சுவிஸ் டொய்ச் நல்லாத் தெரிஞ்சா அங்க நீங்கதான் ராசா. சம்பளம் போயிடும் எண்டு பயப்பிடவேண்டாம், ஆமிக்காரருக்கு மாதிரியே ஈஓ காசு (வருமான இழப்பீடு) வரும், பொதுவா சம்பளத்தில 80 வீதம், ஆனா ஆமிப் பயிற்சி முடிக்காத, பிள்ளையள் இல்லாதவைக்குத் தொடக்க நாளுகளுக்குக் குறைஞ்ச தொகைதான். இடம் சரிவந்ததும் ஒப்பந்தத்தில ரெண்டு பக்கமும் சைன் வைச்சு அலுவலகத்துக்கு அனுப்புங்கோ, அவை அழைப்புக் கடிதம் தந்த பிறகுதான் வேலைக்குப் போகலாம்.