முடிவெடுத்த பிறகு எழுதும் சமத்துவ மதிப்பீடு: பிரிட்டன் கவுன்சில்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நூலகத்தை மூடப் போகிறோம் என்று இங்கிலாந்தில் ஒரு கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) அறிக்கை வைத்தால், அதன் பின்னிணைப்பில் 'சமத்துவத் தாக்க மதிப்பீடு' என்று ஒரு தாள் இருக்கும். வயது, மாற்றுத்திறன், இனம், மதம், பாலினம் என வரிசையாகக் கட்டங்கள். பல நேரங்களில் எல்லாக் கட்டத்திலும் 'பாதிப்பு இல்லை' என்ற ஒரே பதில். எந்த அறிக்கை வந்தாலும் நான் முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான்.

2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 149-ஆம் பிரிவு, 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பாகுபாட்டை ஒழிப்பது, சம வாய்ப்பை வளர்ப்பது, மக்களிடையே நல்லுறவை வளர்ப்பது ஆகிய மூன்றிலும் கவுன்சில் 'உரிய கவனம்' செலுத்தியாக வேண்டும் என்பதே அது சொல்லும் சமத்துவக் கடமை. அப்படிக் கவனித்ததைக் காட்டத்தான் அந்தத் தாள்.

அந்தக் கவனம் முடிவுக்கு முன்னால் வர வேண்டும். இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். பட்ஜெட்டில் தொகையை வெட்டிவிட்டு, அப்புறம் அதற்கு ஏற்றபடி மதிப்பீட்டை எழுதுகிறார்கள். 2011 நவம்பரில் குளொஸ்டர்ஷயர், சாமர்செட் கவுன்சில்களின் நூலகத் திட்டங்களை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சமத்துவக் கடமையை அவை முறையாக நிறைவேற்றவில்லை என்பதே காரணம்.

அடுத்த தவறு, 'எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே செய்கிறோம்' என்பது. லண்டனின் ஈலிங் கவுன்சில், குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு வட்டாரம் முழுக்க ஒரே பொதுச் சேவை போதும் என்று நினைத்தது. தெற்காசிய, கறுப்பினப் பெண்களுக்கு உதவிவந்த சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பின் நிதி ஆபத்துக்குள்ளானது. ஆங்கிலம் தெரியாத, புகுந்த வீட்டாருக்கும் விசாவுக்கும் பயந்து நிற்கும் ஒரு பெண் பொது எண்ணுக்குப் போன் செய்து எதைச் சொல்வாள்? அந்த அமைப்பிடம் உதவி பெற்ற பெண்கள் 2008-இல், பழைய இன உறவுச் சட்டத்தின்படி வழக்குப் போட்டார்கள். விசாரணை நடக்கும்போதே கவுன்சில் பின்வாங்கியது. தனிச் சேவை என்பது சமத்துவத்துக்கு எதிரானதல்ல என்று தீர்ப்பு தெளிவாகச் சொன்னது.

கருத்துக்கேட்பை இணையத்தில் ஆங்கிலத்தில் மட்டும் வைத்துவிட்டு, 'முதியவர்கள் யாரும் எதிர்க்கவில்லை' என்று எழுதுவதும் இதே ரகம்தான். அகதியாக வந்து வயதான நம் தமிழ்ப் பெரியவர்கள் எத்தனை பேர் அந்தப் படிவத்தை நிரப்புவார்கள்? சேவையை வெளி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விட்டாலும் சரி, கடமை கவுன்சிலின் தலையிலேயே இருக்கும். வாக்களிக்கும் கவுன்சிலர்களும் சுருக்கத்தோடு நிறுத்தாமல் மதிப்பீட்டை முழுசாகப் படிக்க வேண்டும்.

மக்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு. இந்தச் சட்டம் எந்த வெட்டையும் தடுத்துவிடும் என்று நம்புவது. அப்படியில்லை. பாதிப்பை உணர்ந்து, அதைக் குறைக்க வழி தேடிப் பார்த்த பிறகு கவுன்சில் வெட்டலாம். அந்தக் கவனம் இல்லாமல் வெட்டினால்தான் சிக்கல். 2011-இல் பர்மிங்காம் கவுன்சில் சமூகப் பராமரிப்பை மிகக் கடுமையான தேவை உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியபோது, அந்த முடிவு சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைக் கவுன்சில் சரியாக எடைபோடவில்லை.

அதனால் கருத்துக்கேட்பு நடக்கும்போதே மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள தேதியை, முடிவெடுத்த தேதியோடு ஒப்பிடுங்கள். நீதிமன்ற மறுஆய்வு, அதாவது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது, கேட்பதென்றால் தாமதிக்கக் கூடாது, அதிகபட்சம் 3 மாதம். நூலகக் கதவில் பூட்டு தொங்கும்வரை காத்திருந்தால் அந்தக் கெடு போய்விட்டிருக்கும்.