புது வீட்டுக்குச் செடி: முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள்

புது வீட்டு வாசலில் செடி வைக்கப்போகிறீர்களா? நர்சரிக்குப் போகுமுன் தெருவில் நாலு வீட்டில் குச்சி கேளுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, முருங்கை எல்லாம் குச்சியிலேயே வேர் பிடிக்கும். கறிவேப்பிலை என்றால் மரத்தடியில் முளைத்திருக்கும் பக்கக்கன்றை வேரோடு எடுத்துத் தருவார்கள்.

அந்தத் தெரு மண்ணிலும் தண்ணீரிலும் ஏற்கெனவே நன்றாக வளர்ந்த செடி உங்கள் வீட்டிலும் வளர வாய்ப்பு அதிகம், செலவும் இல்லை. செம்பருத்திக்குப் பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சி போதும். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலில் நடுங்கள். முருங்கைக்கு முற்றிய கிளையில் மூன்றடிப் போத்து வேண்டும். காற்றில் கிளை சட்டென்று முறியும் மரம் அது, சுவரை விட்டுத் தள்ளியே வையுங்கள். மழைக்காலத்தில் நட்டால் பாதி வேலை மிச்சம். அப்புறம், உங்கள் செடி வளர்ந்ததும் அடுத்துக் குடிவருபவருக்கு நீங்களும் ஒரு குச்சி கொடுங்கள். தெருவே பூத்து நிற்பதைப் பார்க்கிற சந்தோஷம் தனி.

மா, சப்போட்டாவுக்கு இது சரிவராது. ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டும். இலைக்கடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிய செடியில் குச்சி எடுக்காதீர்கள், பூச்சியும் கூடவே வந்துவிடும். கட்டட வேலையில் சிமென்ட், சுண்ணாம்பு விழுந்த இடத்தில் இட்லிப்பூ வைத்தால் இலை மஞ்சளடிக்கும். அங்கே ஓரடி ஆழத்துக்கு மண்ணை மாற்றிவிட்டு நடுங்கள்.